கரண்ட் வைத்த குடலுக்கு நார்ச்சத்தைத் திரும்பப் பழக்குவது எப்படி?

கருப்பைவாய், மலக்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கு அடிவயிற்றில் கதிர்வீச்சு கொடுக்கும்போது (பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’) குடலின் உள்சவ்வும் புண்ணாகிறது. இரண்டு, மூன்றாம் வாரத்தில் தொடங்கும் பேதி, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் அந்த நாட்களில் கேட்ட ‘காய், பழம் வேண்டாம்’ என்ற பேச்சைப் பலர் வருடக்கணக்கில் விடுவதில்லை. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் ஆய்வு (166 பேர், 2017) வேறு கதை சொன்னது. சிகிச்சை நடக்கும்போதே நார்ச்சத்தைக் கூட்டிச் சாப்பிட்டவர்களுக்கு, வழக்கம்போலச் சாப்பிட்டவர்களைவிடக் குடல் தொந்தரவு குறைவு. ஓராண்டு கழித்தும் அப்படியே.

முதலில் ஒரு தடை. சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கும் வலி, வயிறு உப்பி வாந்தி, காற்றுகூடப் பிரியாத நிலை இருந்தால் குடல் சுருங்கியிருக்கலாம். அப்போது நார்ச்சத்து அடைப்பை உண்டாக்கும். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மலத்தில் ரத்தம் வந்தாலும் ‘மூலம்தான்’ என்று விட்டுவிடக் கூடாது.

தடை இல்லையென்றால், தண்ணீரில் கரைந்து கூழாகும் நார்ச்சத்தில் தொடங்குங்கள். அது தளர்ந்த மலத்தில் நீரைப் பிடித்துக் கெட்டியாக்கும், இறுகிய மலத்தை இளக்கும். பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் இசப்கோலையே (கடைகளில் கிடைக்கும் ஒரு விதை உமி) கொடுப்பது அதனால்தான். இதில் ஒரு பகுதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சவ்வுச் செல்களின் முக்கிய உணவு.

இசப்கோல் உமியை அரைத் தேக்கரண்டி எடுத்து 250 மி.லி. தண்ணீரில் கலக்கி, கூழாகும் முன்பே குடித்துவிட்டு, மேலே அரை டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ கட்டிக்கொள்ளும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஐந்து நாள் வயிறு ஒத்துக்கொண்டால் ஒரு தேக்கரண்டி. தேவைப்பட்டால் காலை, மாலை என இரண்டு வேளை.

சாப்பாட்டில் 30 கிராம் ஓட்ஸில் காய்ச்சிய கஞ்சி, குழையக் கடைந்த பாசிப்பருப்பு, தோல் சீவி வேகவைத்த கேரட், மஞ்சள் பூசணி, நன்கு பழுத்த வாழைப்பழம் பாதி என்று ஆரம்பிக்கலாம். மூன்று நாளைக்கு ஒரு புதுப் பொருள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பொருளை ஒன்றாகச் சேர்த்தால் எது படுத்தியது என்று தெரியாது. பிறகு கேழ்வரகு, பொடியாக நறுக்கி மசித்த கீரை, இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிக் குக்கரில் குழையவிட்ட கொண்டைக்கடலை (முதலில் இரண்டு மேசைக்கரண்டி). வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளம், கொட்டையோடு கொய்யா எல்லாம் கடைசியில்தான்.

வாயு அதிகமானால் வேகமாகக் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள். முந்தைய அளவுக்கு இறங்கி ஒரு வாரம் நில்லுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். பால் குடித்ததும் ஓடவேண்டி வந்தால், பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கலாம். சில வாரம் மோருக்கு மாறிப் பாருங்கள்.

எல்லாப் பேதிக்கும் நார்ச்சத்து மருந்தல்ல. அடக்க முடியாத அவசரம், மஞ்சளான நீர்ப்பேதி, எண்ணெய்ப் பண்டம் தின்றால் இன்னும் மோசம் என்றால், சிறுகுடலின் கடைப்பகுதி பித்த அமிலத்தைத் திரும்ப உறிஞ்சாமல் விடுவதாக இருக்கலாம். அதற்குக் கொழுப்பைக் குறைப்பதோடு கொலஸ்டிரமின் போன்ற, பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் மருந்து வேண்டும். பி12 உறிஞ்சப்படுவதும் அங்கேதான் என்பதால் அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பின்னாளில் யாராவது கொலோனோஸ்கோபி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தால், கதிர்வீச்சு எடுத்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதிர் பட்ட மலக்குடல் சுவரில் அவசியமில்லாமல் பரிசோதனைக்குச் சதை எடுத்தால் புண் ஆறாமல் துளை விழக்கூடும்.