கீச்சிட்ட பிரேக்குக்கு செராமிக் பேட்

சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போது மட்டும் முன் சக்கரத்தில் 'கீச்' என்று சத்தம். அழுத்தி மிதித்தால் வராது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேட். அதில் பாதிக்கு மேல் தடிமன் இருந்தது, டிஸ்க்கிலும் கோடு விழவில்லை. ஆக, சந்தேகம் பேடின் கலவை மேல்தான். போட்டிருந்தது செமி மெட்டாலிக். அதில் இரும்புத் தூள், எஃகு இழை அதிகம். சூட்டைத் தாங்கும், ஆனால் சத்தம் போடும். மலைப்பாதை வண்டிக்குச் சரி, என் ஊர் ஓட்டத்துக்கு எதற்கு?

பீங்கான் வகை இழை கலந்த செராமிக் பேட் வாங்கினேன். விலை கூடுதல்தான். மெக்கானிக் அண்ணன் பேடைப் பிடித்து வைக்கும் பழைய கிளிப்பையே மாட்டப் பார்த்தார். புதுசு போடச் சொன்னேன். பேடை அழுத்தும் காலிப்பர் நகர்கிற பின்களுக்கு (pin) சிலிக்கான் கிரீஸ், பேடின் முதுகில் அதிர்வைக் குறைக்கும் மெல்லிய தகடான ஷிம். அப்புறம் காலிச் சாலையில், முழுசாக நிறுத்தாமல் பலமுறை மிதமாக மிதித்துப் புதுப் பேடை டிஸ்க்கோடு படியவைத்தேன். சத்தம் போய்விட்டது. சக்கரத்தில் கறுப்புத் தூள் படிவதும் குறைந்திருக்கிறது.