மலைக்குளிரில் ஆமையின் மூச்சில் சத்தம் கேட்டால்

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும் நாட்களில், குன்னூரிலும் உதகையிலும் கொடைக்கானலிலும் ஆமை வளர்ப்பவர்கள், விளக்கை அணைத்த பிறகு பெட்டிக்குள்ளிருந்து வரும் மெல்லிய விசில் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிடுவது உண்டு. சில நாள் அது நாக்கைச் சொடுக்குவது போலவும், சில நாள் சளி கட்டிய குழந்தையின் மூக்கு போலவும் கேட்கும். எல்லாச் சத்தமும் நோயல்ல. ஆனால் நோயாக இருந்துவிட்டால், ஆமையின் உடலில் அது மெதுவாகவே முற்றும், மெதுவாகவே தீரும் என்பதால், முதல் வாரத்தில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

கையை நீட்டியவுடன் ஆமை தலையை உள்ளே இழுத்து 'புஸ்' என்று ஒலி எழுப்பினால் அஞ்ச வேண்டாம். ஓட்டுக்குள் தலையும் கால்களும் ஒடுங்கும்போது நுரையீரலில் உள்ள காற்று வெளியே தள்ளப்படுவதால் எழும் ஓசை அது. தண்ணீர் குடித்த கையோடு மூக்கில் ஓரிரு குமிழிகள் வந்து சில நிமிடங்களில் மறைவதும் இயல்பே. ஆமை அசையாமல் படுத்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் விசிலோ சொடுக்கோ கேட்பது, மூக்கு ஓயாமல் ஈரமாக இருப்பது அல்லது அதன் துளையில் பொருக்குத் தட்டியிருப்பது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கழுத்தை நீட்டித் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்வது ஆகியவைதாம் கவலைக்குரியவை. காலையில் வெப்ப விளக்கைப் போடுவதற்கு முன், தொடாமல், பெட்டிக்கு அருகில் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்பதைக் கைபேசியில் காணொளியாகப் பதிந்தும் வையுங்கள். மருத்துவரின் மேசையில் ஏறியதும் ஆமை ஓட்டுக்குள் புகுந்துகொள்ளும். அங்கே அந்தச் சத்தம் வராமலே போகலாம்.

மார்பையும் வயிற்றையும் பிரித்து மூச்சை இயக்கும் உதரவிதானம் என்னும் தசை நம்மைப் போல் ஆமைக்குக் கிடையாது. விலா எலும்புகள் ஓட்டோடு ஒன்றிப் போயிருப்பதால் மார்பு விரிந்து சுருங்கவும் வழியில்லை. முதுகு ஓட்டுக்கு நேர்கீழே பரந்து கிடக்கும் நுரையீரலை, கால்களையும் வயிற்றையும் அசைக்கும் தசைகளைக் கொண்டே அது இயக்குகிறது. இந்த அமைப்பால் அதற்கு நம்மைப் போல் பலமாக இருமத் தெரியாது. சேர்ந்த சளி எளிதில் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அதன் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தின் வெப்பமே. சுற்றுப்புறம் குளிர்ந்தால் செரிமானம் தளர்கிறது, கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் தளர்கிறது. குளிரும் ஈரமும் சேர்ந்து வரும்போதுதான் சளி நிமோனியாவாக மாறும் ஆபத்து கூடுகிறது. மலையின் மார்கழி மாதத்தில் இவ்விரண்டுக்கும் குறைவே இல்லை.

"குளிர் வந்தால் ஆமை தானாக உறங்கிவிடும்" என்று இங்கே பலர் நம்புகிறார்கள். நான் அடிக்கடி மறுக்க வேண்டியிருக்கும் கருத்து இதுதான். ரஷ்ய ஆமை, ஹெர்மன் ஆமை போன்றவை குளிர்கால உறக்கம் கொள்பவை. நம்மிடையே அதிகம் வளர்க்கப்படும் சல்காட்டா, சஹாராவின் தென்விளிம்பைச் சேர்ந்தது; அதற்கும் சிறுத்தை ஆமைக்கும் சிவப்புக்கால் ஆமைக்கும் அந்த உறக்கம் இல்லை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் நண்பகலில் 20 டிகிரியை எட்டும் வெப்பநிலை, உறைபனி விழும் இரவுகளில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்விடங்களில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. இதில் ஆமை உறங்குவதும் இல்லை, விழித்திருப்பதும் இல்லை. தின்ற இலை செரிக்காமல் வயிற்றில் கிடக்க, அது சோர்ந்து ஒடுங்கிக் கிடக்கிறது. உறங்கும் இனமேயானாலும், மூச்சில் சத்தம் உள்ள ஆமையை உறங்க விடக்கூடாது. (நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது கையில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.)

ஆகவே முதல் மருந்து வெப்பம். பெட்டியின் ஒரு மூலையில் வெப்ப விளக்கின் கீழ் 35 டிகிரி அளவும், மற்ற இடங்களில் 27 முதல் 30 வரையும், இரவில் 25க்குக் குறையாமலும் இருக்கட்டும். உடல்நலத்தோடு இருக்கும் ஆமைக்கு இரவில் இதைவிடச் சற்றுக் குறைந்தாலும் தாங்கும். நோயுற்றதற்கு அந்தச் சலுகை இல்லை. இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை மேலிருந்து தொங்கவிட்டு, தெர்மோஸ்டாட்டோடு இணைப்பது நல்லது. அடியில் விரிக்கும் வெப்பப் பாயை நான் பரிந்துரைக்க மாட்டேன்: வெப்பம் மேலிருந்து வருவதே ஆமையின் இயல்புக்கு ஏற்றது, கீழிருந்து சுடும்போது விலகாமல் கிடந்து அடிப்பகுதி வெந்துபோன ஆமைகள் உண்டு. திறந்த கண்ணாடித் தொட்டியில் வெப்பம் நிற்காது. தடித்த ஒட்டுப்பலகைப் பெட்டியின் வெளிப்புறத்தில் தெர்மாகோல் அட்டை ஒட்டி, மேலே முக்கால் பாகத்தை மூடி, காற்றுக்குக் கொஞ்சம் இடம்விட்டு, சிமென்ட் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள்.

இரவின் மிகக் குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். அதன் உணர்முனை ஆமை படுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். என் பெட்டியில் 24 டிகிரி இருப்பதாகவே முதல் குளிர்காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நான் பார்த்ததெல்லாம் இரவு பத்து மணிக்கு. விடியற்காலை நான்கு மணிக்கு அது 15ஆக இருந்திருக்கிறது. மழைக்காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போவது மலையில் புதிதல்ல என்பதால், அதற்கும் ஓர் ஏற்பாடு தேவை. கொதிநீர் நிரப்பிய ரப்பர்ப் பைகளைத் துண்டில் சுற்றி, மூடியில் துளையிட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் ஆமையோடு வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

படுக்கையாக இடும் தென்னை நார்த்தூள் புழுதியாக உலர்ந்திருந்தால் மூக்கை உறுத்தும். சொதசொதவென்றிருந்தால் குளிரைத் தேக்கும். கையில் பிடித்தால் உருண்டு நிற்கவும், பிழிந்தால் நீர் சொட்டாமலும் இருப்பதே சரியான பதம். நோய் தீரும்வரை அதை எடுத்துவிட்டுத் தினமும் மாற்றும் செய்தித்தாளை விரிப்பது இன்னும் நல்லது. 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில், தாடைக்குக் கீழ் நிற்கும் ஆழத்தில், நாள்தோறும் கால்மணி நேரம் நிற்க வைத்துத் துடைத்து விடுங்கள். உடலில் நீர் குறைந்தால் சளி கெட்டிப்படும். வாய் திறந்து மூச்சு வாங்கும் ஆமையை மட்டும் நீரில் இறக்காதீர்கள். உடல் சூடேறாத நிலையில் உணவைத் திணிப்பதும் தவறு.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை, எதிர்பார்த்தபடியே, இரண்டு சொட்டு நீலகிரித் தைலம்! நம் சளிக்கு இதமானது, ஆமையின் மூச்சுப்பாதையை எரிக்கும். ஆவி பிடிக்க வைப்பதும் சாம்பிராணி போடுவதும் அப்படியே. மூடிய அறையில் கரியடுப்புக் கணப்பு வைப்பது ஆமைக்கு மட்டுமல்ல, அந்த அறையில் உறங்கும் மனிதர்களுக்கும் உயிராபத்து. மீந்துபோன மாத்திரையைக் கரைத்துப் புகட்டாதீர்கள். நாய்க்கும் மாட்டுக்கும் வழக்கமாகப் போடும் ஐவர்மெக்டின் என்னும் பூச்சி மருந்து ஆமைக்கு நஞ்சு. ஆமைகளை அதிகம் பார்த்திராத மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், இதைப் பணிவோடு நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

நன்றாகத் தின்றுகொண்டு, மூக்கு உலர்ந்து, லேசான விசில் மட்டும் இருந்தால் இரண்டு மூன்று நாள் வெப்பத்தைச் சரிசெய்து பார்க்கலாம். குறையவில்லையென்றாலும், மூக்கில் குமிழியோ உணவில் வெறுப்போ தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய் திறந்து மூச்சு விட்டால் அன்றைக்கே புறப்பட வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் கோவைக்கோ மதுரைக்கோ இறங்குவதாகவே அமையும். ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது மட்டுமன்றி, மாலையில் பனிமூட்டத்தில் மலையேறித் திரும்பும்போதும் பெட்டிக்குள் வெப்பம் இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் முன்பக்கத்திலும் எடுக்கும் எக்ஸ்ரே நுரையீரலின் நிலையைக் காட்டும். மருந்து பெரும்பாலும் முன்னங்காலில் ஊசியாகப் போடப்படும். பின்பகுதியில் போட்டால் நுரையீரலை அடையும் முன்பே ஒரு பங்கு சிறுநீரகத்துக்குச் செல்லக்கூடும் என்பதே காரணம். சிகிச்சை வாரக்கணக்கில் நீளும், சத்தம் நின்றவுடன் நிறுத்தக்கூடாது. அதுவரை மற்ற ஆமைகளைத் தனி அறையில் வைத்து, முதலில் அவற்றைக் கவனித்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியில் தொட்டுக் கைகழுவுங்கள்.

தேறிய பிறகு வெயிலில் விடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலை வெயில் சுள்ளென்று உறைக்கும், ஆனால் நிழலில் ஒதுங்கினால் கை விறைக்கும். ஈரப் புல்லில் நிற்கும் ஆமையின் முதுகு சூடாகவும் வயிறு சில்லென்றும் இருக்கும். காலை பதினொன்று முதல் பிற்பகல் இரண்டு வரை, நிழலிலும் 22 டிகிரிக்குக் குறையாத நாட்களில் மட்டும், உலர்ந்த தரையில் விடுங்கள். மேகம் மூடினால் உடனே உள்ளே எடுங்கள். ஜன்னல் கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் அதன் வழியே வரும் வெயில் போதாது. உள்ளே புறஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு தேவை, எரிந்துகொண்டிருந்தாலும் அதை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாரம் ஒருநாள் சமையலறைத் தராசில் எடை பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டை ஐப்பசிக்கு முன்பே, விசில் எதுவும் கேட்காத நாட்களிலேயே தொடங்கிவிட்டால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் விடை இருக்கும்.