மார்கழியில் வேனோடு ஏற்காடு

சேலத்திலேயே டீசலும் தண்ணீர் கேனும் நிரப்பிவிடுங்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். படுக்கை, சாமான் ஏற்றிய வேனுக்கு இரண்டாவது கியர்தான் சரி. மூன்றுக்கு மாற்றச் சொல்லும் மச்சானைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள்.

பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான். காப்பி எஸ்டேட் ஓரம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். இது பழம் பறிக்கும் காலம், காவல்காரர் விடமாட்டார். நான் லாட்ஜ் வாசலில் கேட்டுத்தான் நிறுத்துவேன்.

ராத்திரி எவ்வளவு குளிர்ந்தாலும் வேனுக்குள் கேஸ் அடுப்பில் குளிர்காயாதீர்கள். அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு, ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். கண்ணாடியும் உள்ளே அவ்வளவாக வியர்க்காது.

இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர். பிரேக்கில் கருகல் நாற்றம் வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.