கல் மட்டும் நிற்கிறது: தலைவர் நினைவாக மரம் நடுவோர் தவிர்க்க வேண்டியவை

ஜூலை 15 நெருங்கினால் சேலம் பக்கத்து நர்சரிகளில் கூட்டம் சேர்ந்துவிடும். காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பள்ளிக்குப் பத்துக் கன்று, மன்றத்துக்கு இருபது. அடுத்தடுத்து அண்ணா, காந்தி, நேரு, டிசம்பரில் ராஜாஜி. புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் பிழைகள் ஒன்றும் புதியவை அல்ல. இந்த வேலையில் பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் செய்து, கன்றைச் சாகடித்து, அப்புறம் தெரிந்துகொண்டவைதான். பையைக் கிழிக்காமல் நடுவது, தண்ணீர் ஊற்ற மறப்பது எல்லாம் இங்கே வேண்டாம். விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

பிறந்தநாளன்றே நட்டாக வேண்டும் என்ற பிடிவாதம்

சேலம் சமவெளியில் நம்பி நடக்கூடிய மழை ஆகஸ்டு முதல் நவம்பர் முற்பகுதி வரை. செப்டம்பர் 15 அண்ணாவும் அக்டோபர் 2 காந்தியும் அதற்குள் வந்துவிடுகிறார்கள், கவலையில்லை. ஜூலை 15 விளிம்பில் நிற்கும் தேதி. ஆடிக் காற்று எழும் நேரம், மழை அரைகுறை. வாரம் இரண்டு முறை கன்றுக்கு 10 லிட்டர் ஊற்ற ஆள் இருந்தால் நடலாம்.

மற்ற தேதிகளில்தான் சிக்கல். 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த சேலம் சி. விஜயராகவாச்சாரியார் மறைந்தது ஏப்ரல் 19. நேரு மறைந்தது மே 27. அந்த வெயிலில் சேலத்தில் நட்ட கன்று, நட்டவர் வீடு திரும்புமுன் தலை சாய்த்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுகிற தேதி ராஜாஜியின் டிசம்பர் 10. குளிர்ச்சியாக இருக்கும், மண்ணில் ஈரம் தெரியும். ஆனால் மழை முடிந்துவிட்டது. வேர் பிடிக்கும் முன்னே ஐந்து மாதக் காய்ச்சல் தொடங்கிவிடும்.

டிசம்பர் தலைவருக்கு அக்டோபர் முதல் வாரத்திலேயே கன்றை நட்டுவிடுங்கள். பிறந்தநாளன்று அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பெயர்க்கல்லைத் திறக்கலாம். ஏப்ரல், மே தேதிகளில் குழி மட்டும் வெட்டுங்கள்: செம்மண் சரளை நிலத்தில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை ஒரு பக்கமும் குவித்து, குழந்தைகள் விழாமல் முள் போட்டு மூடிவையுங்கள். குழி வெயிலில் காய்வது நல்லதே. தலைவர் பெயரைச் சொல்லிக் கடப்பாரை பிடிப்பதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏற்காட்டில் கணக்கு வேறு. காபி பூக்க வைக்கும் கோடை மழை அங்கே முன்னதாகவே இறங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எப்போதும் நடலாம். கோடை விழா நெரிசலில் மட்டும் வேண்டாம், மிதிபட்டே போய்விடும்.

வயதுக்கொரு கன்று

ராஜாஜி 94 வயது வாழ்ந்தார், ஆகவே 94 கன்று. கேட்க அழகாக இருக்கிறது. மரத்துக்கு மரம் 15 அடி விட்டால் 94 மரத்துக்கு ஏறக்குறைய 49 சென்ட் நிலம் வேண்டும். முதல் கோடையில் கன்றுக்கு வாரம் 20 லிட்டர் என்றால் வாரத்துக்கு 1,880 லிட்டர் தண்ணீர். இந்த இரண்டும் கையில் இல்லாதவர்கள் 5 அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டு, மறு வருடம் பாதியைக் காய்ந்த குச்சியாகப் பார்க்கிறார்கள். ஐந்தே கன்று போதும். மூன்று கோடை பார்த்துக்கொள்ள முடிகிற எண்ணிக்கைதான் சரியான எண்ணிக்கை.

கன்றைச் சுற்றி மேடை கட்டுவது

இதற்கு மட்டும் எத்தனை முறை சொன்னாலும் ஆத்திரம் அடங்குவதில்லை.

கன்று நட்ட மறுநாளே கொத்தனார் வந்துவிடுவார். மூன்றடிக்கு மூன்றடி செங்கல் கட்டு, இரண்டடி உயரம், மேலே கிரானைட் பலகை, முன்பக்கம் கறுப்புக் கல்லில் பொன் எழுத்து. வேலை முடிந்ததும் சாந்துச் சட்டியைக் கழுவிய தண்ணீரைக் கன்றின் பாத்தியிலேயே ஊற்றிவிட்டுப் போவார். அது சாம்பல் நிறப் படலமாகக் காய்ந்து, ஓடு ஓடாக வெடித்து நிற்கும். அன்றைக்கே பாதி வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தண்ணீர் கடுமையான காரம். இளம் வேருக்கு அது கொதிநீர் மாதிரி.

மீதி வேலையை மேடை பார்த்துக்கொள்ளும். தரைமட்டத்தில் நட்ட கன்றைச் சுற்றிக் கட்டு எழுப்பி, வெற்றிடமாக இருக்கிறதே என்று ஒன்றரை அடி மண்ணைக் கொட்டுவார்கள். தண்டும் வேரும் சேரும் இடம், அதாவது வேர்க்கழுத்து, காற்றோட்டத்தில் இருக்க வேண்டிய பாகம். அது மண்ணுக்குள் புதைந்தால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும். இரண்டாம் வருடம் ஒரு நாள் தொட்டால் கையோடு வந்துவிடும்.

சிலர் முதலில் மேடையைக் கட்டி, மண் நிரப்பி, அதன்மேல் நடுகிறார்கள். அடியில் கான்கிரீட் தளம் போட்டிருந்தால் அது மரம் அல்ல, தொட்டிச் செடி. மூன்றுக்கு மூன்று, இரண்டடி உயரம் என்றால் 18 கன அடி மண். அதில் ஒரு செம்பருத்தி வளரும், நாவல் வளராது. ஏப்ரலில் கிரானைட் சூடேறி, சுவரை ஒட்டிய வேர்கள் வெந்துபோகும்.

தளம் போடாத மேடையில் மரம் பிழைத்துவிட்டால் கதை இன்னும் மோசம். ஏழெட்டு வருடத்தில் வேர் பருத்து, கட்டில் விரிசல் விழும். தலைவர் பெயர் பொறித்த கல் சாய்கிறது என்று எல்லோரும் பதறுவார்கள். கொத்தனார் மறுபடி வருவார், சாய்ந்த பக்கத்து வேரை வெட்டி மறுபடி பூசுவார். அந்தப் பக்கம் பிடி போய்விட்டது. ஐப்பசியில் மண் ஊறி ஒரு காற்று அடித்ததும் மரம் எதிர்ப்பக்கமாகப் படுத்துவிடும். அப்புறம் அறுத்து அகற்றுவார்கள். மேடையும் கல்லும் பொன் எழுத்தும் மிச்சம்.

அரசமரத்துக்கு ஊர் ஊராக மேடை இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அவை வளர்ந்து முற்றிய மரத்தைச் சுற்றிப் பிறகு எழுப்பியவை. பழைய மேடைகள் பல, சேற்றுமண் வைத்து அடுக்கிய கற்கள். மழை உள்ளே இறங்கும், வேர் தள்ளினால் கல் நகர்ந்து இடம் விடும். அரசும் ஆலும் தண்டிலிருந்தே வேர் விடும் சாதி, கழுத்து புதைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். மகிழத்தையும் நாவலையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கல் வேண்டும் என்றால் தள்ளி வையுங்கள். மகிழம், புங்கன் போன்றவற்றுக்கு 6 அடி தள்ளி, ஆல், அரசுக்கு 15 அடி தள்ளி. நாலடிக் கல்லில் ஒன்றரை அடியை மண்ணுக்குள் இறக்கி, சுற்றிலும் சல்லி போட்டு இடித்தால் போதும், கான்கிரீட் வேண்டாம். மலைச்சரிவில் கல்லைக் கன்றுக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். மேல்பக்கம் வைத்தால் வழிந்து வரும் தண்ணீரைத் திருப்பிவிடும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? மழைக்காலத்தில், ஒரு நேரத்தில் ஒரு பக்கமாக உளியால் பிரியுங்கள். நிரப்பிய மண்ணைக் கையால் அள்ளி, தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் தெரியும்வரை இறங்குங்கள். மண்வெட்டி போடாதீர்கள். கட்டைவிரலைவிடப் பருத்த வேர் எதையும் வெட்டாதீர்கள்.

எட்டடிக் கன்று

போட்டோவில் தலைவர் படத்துக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று உயரமான கன்றாகக் கேட்பார்கள். சின்னப் பையில் எட்டடி வளர்ந்த கன்றின் வேர் உள்ளே சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் பிரியாது, பருத்துத் தன்னையே நெரிக்கும். மூன்று, நான்கு அடிக் கன்று போதும், தண்டு சுண்டுவிரல் பருமன் இருக்கட்டும். பையைப் பிரித்ததும் ஓரத்தில் வேர் சுற்றியிருந்தால், மண்கட்டியின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று இடத்தில் கத்தியால் லேசாகக் கீறி, அடிச்சுருளை நறுக்கிவிட்டு நடுங்கள். ஆணிவேரே மடங்கித் திரும்பியிருந்தால் அந்தக் கன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குழிக்கு மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு கால் கிலோ. மக்காத சாணம் கரையானுக்கு அழைப்பு.

ஏற்காட்டில் வேம்பு

வேண்டாம். நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல், அந்தப் பனியில் வேம்பு வளராது, இருக்கும். நாவல், செண்பகம், பலா வையுங்கள். சில்வர் ஓக் வேகமாக வளரும், ஆனால் எஸ்டேட் முழுக்க நிழலுக்கும் மிளகுக்கும் அதுதான் நிற்கிறது. ஆயிரத்தில் ஒன்றாக நிற்கும் மரத்தை நினைவு மரம் என்று யார் கண்டுகொள்வது?

சரிவில் வட்டப் பாத்தி கட்டாதீர்கள். பள்ளப்பக்கம் மட்டும் பிறை வடிவில் வரப்பு. காட்டு மாடு வரும் இடமென்றால் தகரக் கூண்டை நம்ப வேண்டாம், முதுகு தேய்த்தால் கூண்டும் கன்றும் சேர்ந்தே சாயும்.

வெள்ளைக்கல் மண்

சேலத்தை ஒட்டிய கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் கலந்த மண். மக்னீசியம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு, காரம் அதிகம். இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றாதீர்கள், அது இரும்புச் சத்துக் குறை. நடும்போதே குழிமண்ணை மாற்றி, ஒரு கிலோ ஜிப்சம் கலந்துவிடுங்கள். மஞ்சள் வந்தபின் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். இந்த மண்ணில் மகிழத்தைவிட வேம்பும் புங்கனும் தாங்கும்.

மின்கம்பிக்கு அடியில் ஆல்

வருடா வருடம் இ.பி.காரர்கள் தலையை வெட்டுவார்கள்.

பனை

மாநில மரம் என்று கன்றாக வாங்கி நடுகிறார்கள். பனை பெயர்த்து நட்டால் பிடிக்காது. கொட்டையை ஆகஸ்டு முதல் அக்டோபருக்குள், 10 அடி இடைவெளியில், நேரடியாகப் புதையுங்கள். ராஜாஜி பெயரில் பனை வைப்பவர்களும் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். கள் இறக்கும் மரத்துக்கு அவர் பெயரா என்று ஊரில் ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லில் எழுதுவது

தலைவர் பெயர், பிறப்பு, மறைவு, மரத்தின் பெயர், நட்ட தேதி. ஐந்து வரி. மரத்தின் பெயரைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். திறந்து வைத்தவர் பெயர் தலைவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கும் கல்லும் நிறைய. கடைக்குக் கொடுக்கும் முன் ஊரையும் தேதியையும் சரிபாருங்கள். ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி அப்போது சேலம் மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி. 'அன்றைய' என்ற ஒரு சொல் போட்டால் தகராறு இல்லை.

கூண்டைக் கழற்ற மறப்பது

இரும்புக் கூண்டு ஆட்டிடமிருந்து காக்கும், அதற்கு 5 அடி உயரம் போதும். தண்டு கம்பியைத் தொடும் முன் கழற்ற வேண்டும். விட்டால் பட்டை கம்பியை விழுங்கிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க முடியும். முட்டுக்கழியைத் தண்டோடு இறுக்காமல், எட்டு வடிவில் தளர்வாகச் சணல் கட்டி, ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள்.

மே மாதம்

ஜூலையில் பள்ளியில் நட்ட கன்றுகள் பெரும்பாலும் சாவது அடுத்த மே மாதத்தில், விடுமுறையில். வெளிக்கேட்டின் சாவி யாரிடம், குழாய் எங்கே, வாரத்தில் எந்த இரண்டு நாள் என்று எழுதி, ஏப்ரல் கடைசி வேலைநாளுக்குள் வாட்ச்மேன் கையில் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரி முதல் மே வரை 17 வாரம், கன்றுக்கு வாரம் 20 லிட்டர் வீதம் 340 லிட்டர். 25 கன்று என்றால் 8,500 லிட்டர். தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்பதைக் கன்று வாங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.