வீடு வாங்கும் முன் பரிசோதனை: குழாயில் அடைப்பு வால்வு இல்லாததை அறிக்கையில் எழுதும் முறை

மதுரையில் கட்டி முடித்த வீட்டை விலை பேசுகிறவர்கள் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டத் தவறுவதில்லை. கட்டடத்தைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுகிறவர்கள் குறைவு. கடன் தரும் வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளர் வீட்டின் விலையைக் கணிக்க வருகிறவர். வாஷ்பேசினுக்கு அடியில் ஆங்கிள் காக் (அந்த ஒரு குழாய்க்கு மட்டும் தண்ணீரை அடைக்கும் சிறிய வால்வு) இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது அவர் வேலையல்ல. ஆகவே, வாங்குகிறவருக்காகப் பரிசோதிக்கும் பொறியாளர்தான் அதைப் பார்க்க வேண்டும். பார்த்து, இல்லையென்றால் எழுதவும் வேண்டும். "ஒழுகாத குழாயில் என்ன குறை எழுதுவது?" என்று இதை விட்டுவிடும் பழக்கம் சரியல்ல. எதை, எந்த அளவுக்கு, எந்தச் சொற்களில் எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இந்தப் பரிசோதனை தனித் தொழிலாகவே நடக்கும் அமெரிக்காவில், இன்டர்நாச்சி என்ற பரிசோதகர் சங்கத்தின் நடைமுறை, மெயின் வால்வு இருக்கும் இடத்தை அறிக்கையில் குறிப்பிடச் சொல்கிறது. அதே நடைமுறை, வால்வுகளைத் திருகிப் பார்க்கும் கடமை பரிசோதகருக்கு இல்லை என்றும் சொல்கிறது. அங்கே பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்போ, குளியல் தொட்டியும் ஷவரும் நீங்கலாக ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி வால்வு வேண்டும் என்கிறது. நம் நாட்டில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் 9ஆம் பகுதி குழாய் அமைப்புகளைப் பற்றியது. அது வழிகாட்டும் ஆவணம். வீடு கட்டப்பட்ட ஆண்டில் எந்த விதி நடப்பில் இருந்தது என்று தெரியாமல் அறிக்கையில் 'விதிமீறல்' என்ற சொல்லைப் போடாதீர்கள். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீட்டில், முற்றத்துக் குழாய்க்கு, நடுவில் வால்வு எதுவும் இல்லாமல், நேராக ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வந்து நின்றால், அது அந்தக் காலத்து வேலை. இல்லாததை இல்லை என்று எழுதுங்கள். கட்டியவர் மீது பழி போட வேண்டியதில்லை.

இங்கே இந்தக் குறைக்குக் கூடுதல் எடை இருப்பதற்கு நம் தண்ணீர் வரும் விதமே காரணம். பல பகுதிகளில் மாநகராட்சித் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. வந்த அன்று சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மேல் தொட்டியில் ஏற்றி, அடுத்த முறை வரும்வரை அதைக் கொண்டு ஓட்ட வேண்டும். அரை அங்குலக் குழாய் ஒன்று உடைந்து நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொட்டினால், 1000 லிட்டர்த் தொட்டி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் காலியாகிவிடும். நடுவில் அடைக்க வால்வு இல்லாத வீட்டில் இரண்டு வழிகள்தான் உண்டு: சேர்த்துவைத்த தண்ணீர் முழுவதையும் போகவிடுவது, அல்லது தொட்டி வாயில் துணியைச் சுருட்டி அடைப்பது.

பரிசோதனையைத் தண்ணீர் வரும் வழியிலேயே தொடங்குங்கள். தெருக் குழாயிலிருந்து இணைப்பு உள்ளே நுழையும் இடத்தில், வாசல் கேட்டுக்கு அருகே, ஸ்டாப் காக் (தண்ணீரை நிறுத்தும் திருகு வால்வு) இருக்கிறதா, அதன் பெட்டி சிமெண்டால் மூடப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். சம்ப்பில் மிதவை வால்வும், மோட்டார் ஏற்றும் குழாயில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வும் இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீரையும் மாநகராட்சித் தண்ணீரையும் ஒரே குழாயில் இணைத்திருக்கும் வீடுகளில் சற்று நின்று பாருங்கள். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, உப்புத் தண்ணீருக்கு ஒரு தொட்டி என்று வைத்துவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரு குறுக்குக் குழாயால் சேர்த்திருப்பார்கள். அந்தக் குறுக்குக் குழாயில் வால்வு இல்லாவிட்டால், சமையலறைக்குப் போகும் தண்ணீரில் போர்த் தண்ணீர் கலந்துகொண்டே இருக்கும். இது வசதிக் குறைவு மட்டுமல்ல. குடிக்கும் தண்ணீரைப் பற்றியது என்பதால், அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

அடுத்து மொட்டை மாடி. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தொட்டியின் அடியிலிருந்து எத்தனை குழாய்கள் இறங்குகின்றன, ஒவ்வொன்றும் எங்கே போகிறது, ஒவ்வொன்றிலும் வால்வு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் ஓடும் வீட்டில் கேட் வால்வை (சக்கரத்தைத் திருகி அடைக்கும் வால்வு) கிட்டே போய்ப் பார்த்தால், கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிவு கட்டியிருக்கும்; சக்கரம் துருவேறி உதிர்ந்து தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்; பைப் ரெஞ்ச் போட்டுத் திருகிய தடம் பித்தளையில் பல் பதிந்தாற்போல் தெரியும். இதை நீங்கள் திருக வேண்டாம். பல ஆண்டுகளாக அசையாத தண்டு கையோடு முறிந்து வந்தால், அந்த வீட்டுக்கு அன்று நேரும் சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் பால் வால்வின் (கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பி அடைக்கும் வால்வு) கைப்பிடியும் அப்படித்தான் படக்கென்று ஒடியும். வீட்டுக்காரரையோ அவருடைய பிளம்பரையோ அடைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஒரு குழாயைத் திறந்துவைத்துப் பாருங்கள். குழாயில் நின்ற தண்ணீர் வடியச் சிறிது நேரம் ஆகும். வடிந்த பிறகும் நூல்போல ஓடிக்கொண்டிருந்தால் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். அவர்கள் அடைக்க மறுத்தால், 'இயக்கிப் பார்க்கப்படவில்லை' என்று எழுதுங்கள்.

மாடியில் ஒரு குடித்தனம், கீழே வீட்டுக்காரர் என்ற அமைப்பில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஒரு போர்ஷனின் தண்ணீரை மட்டும் தனியாக நிறுத்த முடியுமா? கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "மேல மெயினை அடைச்சாப் போதும் சார், ரெண்டு வீட்டுக்கும் நின்னுரும்" என்பதுதான். பெருமையாகச் சொல்லப்படும் அந்தப் பதிலிலேயே குறை இருக்கிறது. கீழ்வீட்டு ஃபிளஷ் டேங்க் பழுதுபட்டால் மாடியில் இருப்பவர்கள் குளிக்க முடியாது. வாடகைக்கு விடும் எண்ணத்தோடு வீடு வாங்குகிறவருக்கு இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

வீட்டுக்குள் வாஷ்பேசின், ஃபிளஷ் டேங்க், கீசரின் குளிர்நீர்ப் பக்கம், சமையலறைக் குழாய், சலவை இயந்திரம், ஆர்.ஓ. கருவி ஆகிய இடங்களில் ஆங்கிள் காக்கோ சிறிய வால்வோ இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு குளியலறைக்கும் சுவருக்குள் பதித்த ஒரு கன்சீல்டு ஸ்டாப் காக் இருந்தால், அதற்குள் ஒன்றிரண்டு ஆங்கிள் காக் இல்லாததைச் சிறிய குறையாகவே எழுதலாம்; அதுவும் இல்லையென்றால் பெரிய குறை. வால்வு இருக்கக்கூடாத இடங்களும் உண்டு. தொட்டியின் வழிந்தோடும் குழாயிலும் காற்றுக் குழாயிலும், கீசருக்கும் அதன் அழுத்தம் விடுவிக்கும் வால்வுக்கும் நடுவிலும் அடைப்பு எதுவும் இருக்கக்கூடாது. கீசர் விஷயத்தில் இது உயிராபத்து; இல்லாத எந்த வால்வையும்விட இதை முதலில் எழுதுங்கள்.

எழுதும்போது 'வால்வு இல்லை' என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் வாங்குகிறவருக்கு ஒன்றும் விளங்காது. எங்கே இல்லை, அதனால் என்ன நேரும், எப்படிச் சரிசெய்யலாம் என்ற மூன்றும் ஒரே பத்தியில் வரட்டும். எடுத்துக்காட்டாக: "மேல் தொட்டியிலிருந்து இறங்கும் மூன்று குழாய்களில், தென்புறச் சுவரை ஒட்டிக் குளியலறைகளுக்குச் செல்லும் ஒரு அங்குலக் குழாயில் அடைப்பு வால்வு இல்லை. இந்தக் குழாயில் எங்கே பழுது ஏற்பட்டாலும் தொட்டியைக் காலி செய்துதான் வேலை பார்க்க முடியும். மொட்டை மாடியிலேயே, சுவரை உடைக்காமல், ஒரு பால் வால்வு பொருத்தலாம்." சரிசெய்யும் வழியை எழுதுவது முக்கியம். மொட்டை மாடியில் வால்வு போடுவது பிளம்பருக்கு ஒரு வேளை வேலைகூட இல்லை. குளியலறைச் சுவருக்குள் ஸ்டாப் காக் வைப்பதென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். அதே நிறத்தில் டைல்ஸ் மறுபடி கிடைப்பது அரிது. இரண்டும் ஒரே சொற்களில் எழுதப்பட்டால், விலை பேசும்போது வாங்குகிறவர் ஒன்றுக்கு வீணாகச் சண்டை போடுவார், மற்றொன்றைக் கோட்டை விடுவார்.

'இல்லை' என்பதும் 'காணக் கிடைக்கவில்லை' என்பதும் வேறு வேறு. மாடுலர் கிச்சன் பலகைக்குப் பின்னாலோ பொய்க்கூரைக்கு மேலோ வால்வு மறைந்திருக்கலாம். பலகையைக் கழற்றாமல் பார்த்த இடத்தில் 'பரிசோதனையின்போது காண முடியவில்லை. வீட்டுக்காரரிடம் இடத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளவும்' என்று எழுதுவதே நேர்மை. இருந்தும் பிடிக்காத வால்வையும் இல்லாத வால்வோடு சேர்க்காமல் தனியாகக் குறிப்பிடுங்கள். அதை மாற்றப் புதிதாக உடைக்க வேண்டியிருக்காது. அறிக்கையோடு, எந்த வால்வு எந்தக் குழாயை அடைக்கும் என்று காட்டும் கைப்பட வரைந்த படம் ஒன்றையும் மொட்டை மாடியில் எடுத்த புகைப்படங்களையும் இணைத்து, விலை ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன்பாகவே வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.