பழைய டிராக்டர் பாகம்: எதை லேத்தில் கடையலாம், எதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

நாஞ்சில் நாட்டில் வயல்கள் சின்னவை, வண்டி இறங்கும் வழியும் குறுகல். அதனால்தான் பழைய 35 குதிரைத்திறன் மாஸி ஃபெர்குசன் 1035-ஐயும் எச்.எம்.டி. 2511-ஐயும் பலர் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். சிக்கல் பாகம் தேயும்போதுதான் வரும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் திறந்து, கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்லுக்கு) வயலைச் சேறாக உழுது தொளி அடிக்கிற நேரத்தில் வண்டி நின்றால், பாகம் எப்போது வரும் என்று வழி பார்த்திருக்க முடியாது.

மாஸிக்குப் பாகம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மாஸி வண்டிகளைச் செய்யும் டாஃபே நிறுவனம் 1960-இல் சென்னையில் தொடங்கியது, இன்றும் வண்டி செய்கிறது. நாகர்கோவிலில் இல்லாதது திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருக்கும். எச்.எம்.டி. கதை வேறு. செக் நாட்டு ஜெட்டாரின் தொழில்நுட்பத்தில் 1971-இல் வந்த வண்டி அது. அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் லேத் பட்டறையோடு பழகித்தான் ஆக வேண்டும்.

முதலில் முடிவெடுக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பாகம் கெடும்போது எப்படிக் கெடும் என்று பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஆட்டம் கொடுத்து, சத்தம் போட்டு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் பாகமா? அதைச் செய்யலாம். திடீரென்று உடைந்து ஆளைக் கவிழ்க்கக்கூடியதா? வாங்குங்கள்.

ஸ்டீயரிங் மூட்டுகள், பிரேக் பாகங்கள், முன்சக்கர ஸ்பிண்டில், டிரெய்லர் கொக்கிப் பின் இவை எதையும் உள்ளூரில் கடைந்து போடக் கூடாது. குலசேகரம், அருமனைப் பக்கத்து இறக்கங்களில் ரப்பர் தடி ஏற்றிய டிரெய்லரோடு இறங்கும்போது ஒரு பின் முறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும். டீசல் பம்ப் எலிமென்ட், இன்ஜெக்டர் நாசில் இரண்டையும் செய்யவே முடியாது. அவற்றில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், சாதாரண லேத்துக்கு அது எட்டாது. பேரிங், ஆயில் சீல், ஹெட் கேஸ்கட் மூன்றையும் பாக எண் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், பேரம் பேசி மட்டமானதை வாங்காதீர்கள்.

மிச்சம் இருப்பவை: புஷ், ஸ்பேசர், பிராக்கெட், பெடல் தண்டு, தகட்டு மூடி, மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கப் போடும் பேப்பர் பேக்கிங். புதிதாகத் தொடங்குகிறவர் பேக்கிங்கில் தொடங்கலாம். மூடியின் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, பேக்கிங் பேப்பர் மேல் அழுத்தி எடுங்கள். அச்சு அப்படியே விழும். அதன்படி கத்தரித்துக்கொள்ளலாம். போல்ட் துளைக்கு ஒரு கைவேலை இருக்கிறது. பேப்பரை மூடியின் மேல் வைத்து, துளைக்கு மேலே பழைய பேரிங் குண்டு ஒன்றை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் வட்டம் சுத்தமாக விழுந்துவிடும். முகம் நசுங்காத அளவுக்குத் தட்டினால் போதும். பழைய பேக்கிங்கின் தடிமனையே எடுங்கள். சில இடங்களில் அந்தத் தடிமன்தான் உள்ளே இருக்கும் பாகத்தின் இடைவெளியைத் தீர்மானிக்கிறது.

சரி, இப்போது புஷ், அதாவது பின் உட்காரும் துளைக்குள் இறுக்கிப் போடும் உலோகக் குழல். முன் அச்சின் நடுப் பின் புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். தொளியில் சேறும் தண்ணீரும் உள்ளே போய் அதிகம் தேய்வது அதுதான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, எஞ்சினுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பிறகு கடப்பாரையை அச்சுக்கு இடையில் கொடுத்து முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். அச்சு தெளிவாக ஆடினால் புஷ் போய்விட்டது.

அச்சைக் கழற்றியதும் பழைய புஷ்ஷை வெளியே அடித்து எடுக்க அவசரப்பட வேண்டாம். ஹாக்சா பிளேடை உள்ளே விட்டு, புஷ்ஷின் நீளவாட்டில் ஒரு கோடு அறுங்கள். அச்சின் இரும்பைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். புஷ்ஷின் கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) மஞ்சளாகத் தூளாகும், இரும்புத் தூள் கருப்பாக வரும், அந்த நிறத்தைப் பார்த்தே நிறுத்தலாம். அப்புறம் சின்ன உளியால் அறுத்த இடத்தில் உள்நோக்கி மடக்கினால் புஷ் இளகித் தானாக வந்துவிடும்.

பின்னைப் பாருங்கள். வரி விழுந்திருந்தால் புதுப் பின் வாங்குங்கள். சுமை தாங்குவது அதுதான், மைல்ட் ஸ்டீல் கம்பியைக் கடைந்து அங்கே போடக் கூடாது. பின் கடினமாகவும் புஷ் மென்மையாகவும் இருக்கட்டும், தேய்வது மலிவான பக்கமாக இருக்கும்.

அளவெடுக்கும்போது பழைய புஷ்ஷை அளந்து அதேபோல் கடையச் சொல்லாதீர்கள். அச்சின் துளையை அளக்க வேண்டும், அதுவும் இரண்டு முனையிலும் நடுவிலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக. பழைய வண்டியில் துளை முட்டை வடிவமாகியிருக்கலாம். வெர்னியர் அளவுகோலின் உள்தாடை துளையைச் சற்றுக் குறைத்துக் காட்டும், அதனால் முடிந்தால் அச்சையும் பின்னையும் பட்டறைக்கே ஏற்றிப் போய்விடுங்கள். நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டைப் பக்கத்தில் இப்படிப்பட்ட வேலை எடுக்கும் லேத்துகள் உண்டு.

கன்மெட்டல் எடைக்குத்தான் விற்பார்கள். வெளியே 40 மி.மீ., உள்ளே 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. புஷ் என்று வைத்துக்கொள்வோம். 42 மி.மீ. துளையில்லாத கம்பியில் 55 மி.மீ. வெட்டினால் ஏறக்குறைய 670 கிராம் ஆகும், முடிந்த புஷ் 240 கிராம்தான் இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு சீவலாகப் போகிறது. ஆகவே நடுவே துளையோடு வார்த்த கம்பி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சீவலைப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், அதற்கும் விலை உண்டு.

லேத்காரரிடம் மூன்று விஷயம் சொல்லணும். முதலாவது, வெளி விட்டம் துளையைவிட ஒன்றரை தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.04 மி.மீ. அதிகம். இரண்டாவது, உள் விட்டத்தை இப்போதே முடிக்க வேண்டாம், கொஞ்சம் குறைத்தே வைக்கணும். புஷ்ஷை இறுக்கிப் போட்டதும் உள்துளை சுருங்கும். போட்ட பிறகு துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் ரீமரால் முடித்தால்தான் பின் சரியாக உட்காரும். "அண்ணாச்சி, அடிச்ச பெறவு ரீமர் விட்டுக்கிடலாம்" என்று சொன்னால் அவருக்குப் புரியும். மூன்றாவது, உள்ளே கிரீஸ் ஓட ஒரு வாய்க்கால் போடணும். அது இரண்டு முனையையும் தொடக் கூடாது, தொட்டால் கிரீஸ் வெளியே வழிந்துவிடும். நுழைகிற முனையில் சின்னச் சரிவும் கேளுங்கள்.

புஷ்ஷை முந்தின நாள் இரவே ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வையுங்கள். 40 மி.மீ. கன்மெட்டல் அங்கே 0.03 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே சுருங்கும், உள்ளே இறங்க அது பெரிய உதவி. சுத்தியலால் அடித்தால் முனை பிதுங்கிவிடும். நீளமான மரையிட்ட கம்பி ஒன்றை உள்ளே விட்டு, இரு பக்கமும் கனமான வாஷரும் நட்டும் போட்டு, நட்டை முறுக்கி இழுங்கள். புஷ்ஷின் கிரீஸ் துளை அச்சில் கிரீஸ் நிப்பிள் மாட்டும் துளைக்கு நேராக வருகிறதா என்று தொடங்குமுன்னே கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் திருப்ப முடியாது.

ரீமர் விட்ட பிறகு பின் கையால் தள்ளினால் போகணும், ஆனால் ஆடக் கூடாது. 30 மி.மீ. பின்னுக்கு இரண்டு முதல் மூன்று தௌ இடைவெளி சரியாக இருக்கும். மாட்டி முடித்துக் கிரீஸ் கன்னை அழுத்தும்போது இரண்டு முனையிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் வாய்க்காலில் அடைப்பு இருக்கிறது.

லேத்தில் அளவு வைத்து ஏற்றும்போதே இரண்டு புஷ் கடைந்துவிடச் சொல்லுங்கள், கூலி பெரிதாக ஏறாது. இரண்டாவதை வெளி விட்டம் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் கிரீஸ் தடவி, வண்டியின் பெயரையும் அளவையும் எழுதி எடுத்து வையுங்கள். தொளி ஓடும் நாட்களில் தினமும் சாயங்காலம் வண்டியைக் கழுவிய பிறகு கிரீஸ் அடியுங்கள். கும்பப்பூ (இரண்டாம் போகம்) உழவு தொடங்குமுன் ஒருமுறை ஜாக்கி போட்டுக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள்.