ஏழை வீட்டுக் குழந்தையும் எல்கேஜி மிஸ்ஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பக்கத்தில் உடுப்பைப் பார்த்து ஏழைப் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. திருப்பூரில் ஏற்றுமதி மிச்சமான டீசர்ட் சல்லிசாகக் கிடைக்கும். அரிசிக்கே தடுமாறும் வீட்டுக் குழந்தையும் வெளிநாட்டு பிராண்ட் போட்டுக்கொண்டு வரும். "நல்லாத்தானுங்க இருக்காங்க" என்று அங்கன்வாடி டீச்சரும் நர்சரி மிஸ்ஸும் முடிவுகட்டிவிடுவது இதனால்தான். பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். மளிகைப் பாக்கி, வாடகை, குழுக்கடன் தவணை எல்லாம் போக மிஞ்சியது புதன்வரை வந்தால் பெரிது. திங்களன்று டப்பாவில் கிரீம் பிஸ்கெட், வியாழனன்று ஒன்றுமில்லை என்றால் அது அம்மாவின் மறதி அல்ல. உடுப்பை விட்டுவிட்டுக் கிழமையைக் கவனியுங்கள்.

அந்த டப்பா சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "எல்லாரும் டப்பாவைத் திறந்து காட்டுங்க" என்பது பல நர்சரிகளில் தினசரிச் சடங்கு. சத்தானதைக் கொண்டுவர வைக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் நாலு வயதுப் பிள்ளை ஒன்று மூடியைப் பாதி மட்டும் தூக்கி, பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாதபடி மறைத்துப் பிடித்து, காலி டப்பாவில் கைவிட்டு எடுத்து மெல்லுவதுபோல வாயை அசைக்கும். வெட்கம் அந்த வயதிலேயே வந்துவிடுகிறது. அப்போது போய், "ஏன் கண்ணு, அம்மா ஒண்ணும் தரலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால், எவ்வளவு பாசமாகக் கேட்டாலும், அடுத்த வியாழக்கிழமை அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். இதற்குப் பதில் நடுவில் ஒரு பெரிய தட்டு வைக்கலாம். கொண்டுவந்தவர்கள் அதில் போடட்டும், மிஸ்ஸும் கொஞ்சம் அவலோ வாழைப்பழத் துண்டோ போடட்டும், எல்லாரும் அதிலிருந்து எடுத்துத் தின்னட்டும். யார் கொண்டுவந்தது என்ற கணக்கே எழாது.

யெல்லோ டே, ரெட் டே என்று நிறத்துக்கு ஒரு நாள் கொண்டாடுகிறார்களே, அது இன்னொரு கண்ணி. மஞ்சள் சட்டை இல்லாத வீட்டில் முதல்நாள் இரவு நடக்கும் சண்டை பள்ளிக்குத் தெரியாது. திருப்பூரில் கட்டிங் வேஸ்ட் கிடைக்காத தெரு உண்டா? மஞ்சள் பனியன் துணியில் ஒரு கீற்று, மிஸ் உட்பட எல்லார் மணிக்கட்டிலும் கட்டினால் யெல்லோ டே முடிந்தது. ஈரோட்டுப் பக்கம் என்றால் ஒரு மஞ்சள் கிழங்கைக் கையில் கொடுத்துக் கல்லில் உரசச் சொல்லலாம். நிறம், மணம் இரண்டும் ஆச்சு.

பாட்டு நேரத்தில் பதினொரு மணிக்கே தூங்கி விழும் குழந்தையை "மந்தம்" என்று எழுதிவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போன அம்மா இரவு எட்டரைக்குத்தான் கம்பெனியை விட்டு இறங்குவார். அப்புறம் சமையல், குளியல். லைன் வீட்டில் ஒரே அறை, ஒரே விளக்கு. பெரியவர்கள் படுக்கும்போதுதான் குழந்தையும் படுக்கும். பாயை விரித்து அரைமணி நேரம் தூங்கவிட்டால் போதும், மத்தியானத்துக்கு மேல் அதே குழந்தைதான் கதை கேட்டு நச்சரிக்கும். அம்மாவுக்கு அக்கறையில்லை என்ற பேச்சும் இதோடு சேர்ந்தே வரும். பள்ளிப்பாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிய குடும்பம் அதை அடைக்காமல் வேறு பட்டறைக்குக்கூட மாற முடியாது. அவர்களிடம் "வேற வேலை பாக்கலாம்லங்க" என்று புத்தி சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கண்ணளவை நம்புவதும் ஆபத்து. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. மூன்றரை வயதுப் பிள்ளை இரண்டரை வயதுப் பிள்ளைபோலக் கொழுகொழுவென்று நிற்கும். அளந்தால்தான் தெரியும். ஆறு மாதம் முடிந்த, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. வீட்டு வைத்தியத்தை விட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு பரிசோதனைக்கு வருவது அங்கன்வாடிக்குத்தான். கடன் வாங்கித் தனியார் நர்சரியில் சேர்த்த குழந்தைக்கு இது தவறிப்போக வாய்ப்பு அதிகம் என்பதால், எடை, உயரம் பார்ப்பது நம் வேலையில்லை என்று நர்சரிகள் இருந்துவிடக் கூடாது.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளை மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கலாம். புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தை முதலில் கேட்கும், அப்புறம்தான் பேசும். அதற்குள் அறிவு கம்மி என்று ஓரத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பம் பாதியில் இடம் மாறினால் பெயரை அடித்துவிட்டு மறந்துவிடுவதும் தப்பு. அங்கன்வாடிக் குழந்தைகளைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் பதிவை வேறு மையத்துக்கு மாற்ற வழி இருக்கிறது.

உதவி செய்யும் விதத்தில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன. நோட்டும் பையும் கொடுத்துவிட்டு, குழந்தையை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அப்பட்டமான கொடுமை. வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை. "ஆர்டிஇ பசங்க எந்திரிங்க" என்று வகுப்பில் கூப்பிடுவதும் அதே ரகம். தனியார் பள்ளி எல்கேஜியில் ஏழைப் பிள்ளைகளுக்கான அந்த 25 சதவீத இடம் கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ) கொடுத்தது, தாளாளர் போட்ட பிச்சை அல்ல. அங்கன்வாடிச் சோறும் அப்படித்தான். 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்தில் இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்திருந்தார்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு வயதுவரை அதை உரிமையாகவே ஆக்கிவிட்டது. "ஓசிச் சோறுதானே" என்று முட்டையை வைக்கும்போது முகம் சுளித்தால் குழந்தைக்குப் புரியும்.

இத்தனையையும் மிஸ் தன் கைக்காசில் சரிக்கட்டப் பார்ப்பதும் சரியல்ல. பல நர்சரிகளில் மிஸ்ஸின் சம்பளம் பனியன் கம்பெனி டெய்லர் வாங்குவதைவிடக் குறைவு. காசு செலவில்லாமல் நிர்வாகம் மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது: பெற்றோர் கூட்டம். திங்கள் காலை பத்து மணிக்கு வைத்தால், வரும் அம்மாவுக்கு அரைநாள் கூலி போய்விடும். வராத அம்மாவுக்கு "பொறுப்பில்லாதவர்" என்ற பெயர் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வைத்தால் அப்பாக்களும் வருவார்கள்.